பாதி விலைப் படகு

அலுவலகத்தில் அவளுக்குக் கொக்கி என்று பெயர். வைத்தவர் கணக்கர். நிவாரண அமைப்பின் போக்குவரத்துப் பிரிவில் அவள் சேர்ந்த முதல் வாரமே அவர் நீட்டிய டீசல் பில்லைப் பார்த்து, "ஏன் சார், பட்டறையில படுத்துக் கிடந்த வண்டி எப்படி இவ்வளவு குடிச்சுது?" என்று கேட்டுவிட்டாள். அன்று ஒட்டிக்கொண்ட பெயர். முகத்துக்கு நேரே கூப்பிடும்போது மட்டும் அது 'அக்கா' ஆகிவிடும்.

சந்தேகப் பிராணி என்பதை அவள் மறைத்ததும் இல்லை. கணவர் புதுச் சட்டை போட்டால் எதற்கு என்று கேட்பாள். நீதானே வாங்கிக் கொடுத்தாய் என்பார் அவர். "பயப்பட ஒண்ணுமில்ல, சரியாயிடும்" என்று சொன்ன டாக்டரிடமே, "ஒண்ணுமில்லன்னா எது சரியாகும்?" என்று கேட்டவள்.

இது பிறவிக் குணம் இல்லை. கல்யாணத்துக்கு முன்பிருந்து பிள்ளைகள் கல்லூரிக்குப் போகும்வரை லாரி புக்கிங் ஆபீசில் உட்கார்ந்து சம்பாதித்தது. வாடகை ஏன் கூடுகிறது, ஏன் குறைகிறது என்பது போகிற லோடைப் பார்த்தால் புரியாது என்பதை அங்கேதான் கற்றாள். போன வண்டி திரும்பி வந்தாக வேண்டும். காலியாக வந்தால் அந்தச் செலவும் போகிற லோடின் தலையில்தான் விழும். திரும்பும்போது ஏற்றிக்கொள்ள ஏதாவது கைவசம் உள்ளவன்தான் வாடகையைக் குறைப்பான். அந்த ரிட்டர்ன் லோடு எதுவென்று தெரிந்துவிட்டால் ஆளையே தெரிந்துகொண்ட மாதிரி.

அந்த ஆண்டு மழையில் மலைச்சாலை பெயர்ந்து விழுந்தது. மேலே மூன்று குடியிருப்புகள் துண்டிக்கப்பட்டன. சாலை சரியாகும்வரை அங்கே மாவும் பருப்பும் எண்ணெயும் போய்ச் சேர வேண்டும். வந்த நன்கொடை இவ்வளவுதான், இனி வராது என்று மேலிடம் கையை விரித்துவிட்டது.

மேனேஜருக்கு ஹெலிகாப்டர் மேல் ஒரு கண். "படம் எடுத்துப் போட்டா நாலு பேர் பார்ப்பாங்க."

"நாலு பேர் பார்ப்பாங்க சார். ஆனா நாலு தடவைதான் பறக்கும். அதோட பணம் காலி," என்றாள் கொக்கி.

"கோவேறு கழுதை?" என்றார் கணக்கர்.

"அதுக்குத் தீனியையும் அதுவேதான் சுமக்கணும். போய்ச் சேர்றதுக்குள்ள பாதி முதுகு அது வயித்துக்கே சரியாப் போயிடும்."

மலையைச் சுற்றிக்கொண்டு லாரி போகலாம். ஆனால் அந்த வாடகைக்குப் பாதிக் காலம்கூடப் பணம் தாங்காது. மிச்சம் இருந்தது படகு. அணைக்குப் பின்னால் தேங்கிய தண்ணீர் மேல் குடியிருப்புகளின் காலடிவரை போகிறது. சரக்குப் படகு வைத்திருந்தவர்கள் இரண்டே பேர். மீசைக்காரர் என்று படகுத்துறை அழைக்கும் ஒருவர் கேட்ட தொகையைப் பார்த்து மேனேஜர் தலையில் கை வைத்தார். இன்னொருவர் அதில் சரிபாதி கேட்டிருந்தார். அவர் கொக்கியின் சொந்த அண்ணன்.

அவளே முதலில் எழுந்து அதைச் சொன்னாள். மேனேஜர் சிரித்தார். "அப்ப நீங்களே கவனிச்சுக்கோங்க. உங்க அண்ணனை உங்களைவிட அதிகமா யாரால சந்தேகப்பட முடியும்?"

வாஸ்தவம்தான். தங்கைக்குச் சைக்கிளை இரவல் கொடுத்துவிட்டு, காற்றடிக்கும் பம்புக்குக் காசு கேட்டவர் அந்த அண்ணன். அப்பேர்ப்பட்டவர் பசித்தவர்களுக்காகப் பாதி விலைக்கு இறங்கி வருகிறாரா? அவளால் நம்ப முடியவில்லை. ஆனாலும் கையிலிருந்த பணத்துக்கு அந்த விலைதான் கட்டுப்படியானது. முதலில் சில நடை பார்க்கலாம், சரியாக இருந்தால் முழு ஒப்பந்தம் என்று முடிவானது. அந்த ஒப்பந்தத்துக்குச் சரி என்று சொல்ல வேண்டியவள் அவள்.

சரக்கு ஒழுங்காகப் போனது. ஒரு மூட்டை குறையவில்லை, நனையவில்லை. மேலேயிருந்து போனில் பேசிய பள்ளி ஆசிரியர், வந்ததை எல்லாம் வீடு வீடாகப் பிரித்துக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். அலுவலகமே மகிழ்ந்தது. அவளுக்கு மட்டும் சோறு இறங்கவில்லை.

"என்னதான் உன் பிரச்சனை?" என்றார் கணவர். அவர் பஸ் கண்டக்டர். தட்டைப் பார்த்தபடியே பேசுவார். "திருடுனாத் திட்டலாம். திருடலைன்னா என்ன செய்யறதுன்னு தெரியாம முழிக்கிறியா?"

"பாதி விலைக்கு வண்டி ஓடாதுங்க. திரும்பி வரும்போது ஏதோ வருது."

"மேல என்ன இருக்கு கொண்டுவர? கல்லும் சேறும்தான்."

"அதான் எனக்கும் புரியல."

"ஏதோ வருதுன்னா ஏறிப் போய்ப் பாரேன். நானெல்லாம் டிக்கெட்டை உட்கார்ந்த இடத்துலயா கிழிக்கிறேன்?"

மறுநாள் காலை சொல்லாமல் கொள்ளாமல் படகுத்துறையில் போய் நின்றாள். அண்ணன் அவளைப் பார்த்ததும் ஒரு நொடி தயங்கியதை அவள் கவனித்தாள். அடுத்த நொடி வாயெல்லாம் பல்.

"அடடே, பாப்பா! வெயில்ல எதுக்கு அலையுற? போன் பண்ணியிருந்தா நானே எல்லாம் சொல்லியிருப்பேனே."

"நீ சொல்லுவேன்னு தெரியும்ணா. அதான் வந்தேன்."

மேல் கரையில் மூட்டைகள் இறங்கின. ஆசிரியர் எண்ணி வாங்கிக்கொண்டார். எல்லாம் சரி. அதற்குப் பிறகுதான் அவள் கரையோரம் பார்த்தாள். மரத்தடியில் குடும்பம் குடும்பமாக ஆட்கள், துணி மூட்டைகளோடு. கூட்டமாக இருந்தும் சத்தமில்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கிற கூட்டம் இப்படி அமைதியாக இருக்காது.

"நீ முன்னால வந்து உட்காரு பாப்பா. அங்க காத்து நல்லா வரும்," என்றார் அண்ணன்.

அவள் பின்னால் போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் கைக்குழந்தையோடு ஒருத்தி. அவள் காலுக்கிடையில் பாதி நிறைந்த ஒரு மாவு மூட்டை. அதில் அமைப்பின் முத்திரை.

"கீழதான் மாவு கிடைக்குமேம்மா. இதை எதுக்குச் சுமந்துட்டு வர்றே?"

"கூலி கொடுக்கத்தான்க்கா."

"யாருக்கு?"

அந்தப் பெண் இஞ்சின் பக்கம் தாடையை நீட்டினாள். "ஆளுக்கு அரை மூட்டை. குழந்தைக்கு வேண்டாம்னுட்டாரு. நல்ல மனுஷன்."

கொக்கி எழுந்து அண்ணனிடம் போனாள். இஞ்சின் இரைச்சலில் இருவரும் கத்த வேண்டியிருந்தது.

"ஏத்திட்டுப் போன மாவையே திருப்பி இறக்குறியா? கீழ எந்தக் கடைக்குப் போகுது?"

"நான் யார் கையிலருந்தும் பிடுங்கல. குழந்தைக்கு மருந்து வேணும், சொந்தக்காரங்ககிட்ட போகணும்னு அவங்களா வந்து நிக்கிறாங்க. அவங்களா குடுக்குறாங்க."

"சாப்பிடக் குடுத்த மாவுண்ணா அது!"

"இதோ பாரு, பாதி விலை சொன்னேன். உன் ஆபீஸ் வாயெல்லாம் பல்லா வாங்கிக்கிச்சு. மீதிப் பாதி எங்கருந்து வரும்னு நெனச்சே? டீசல் என்ன உங்க ஆபீஸ் குழாயிலயா வருது?"

அந்தக் கேள்வி அவள் கேட்டிருக்க வேண்டியது. பாதி விலையை வாங்கிக்கொண்டு, மறுபாதியை யார் கட்டுகிறார்கள் என்று பார்க்காமல் இத்தனை நடை விட்டிருக்கிறார்கள். கட்டியவள் பின்னால் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் கூட்டத்தில் விஷயத்தைப் போட்டு உடைத்தாள். அண்ணனை நிறுத்திவிட்டு, மலையைச் சுற்றிப் போகிற லாரியையே பிடிக்கலாம் என்றார் கணக்கர்.

"போனா பணம் பாதியில தீரும். வரணும்னு நினைக்கிறவங்க மேலேயே மாட்டிக்குவாங்க," என்றாள். "படகுக்குப் போக வர முழு வாடகையும் நாமளே குடுப்போம். இறங்க நினைக்கிறவங்க சும்மா வரட்டும். அவங்க பங்கு மாவைக் கீழ துறையிலயே குடுத்துடலாம். சார், ஆள் ஒரு தடவை இறங்கினாப் போதும். மாவு வாராவாரம் ஏறணும். வாய் குறையக் குறைய நடையும் குறையும். கணக்குப் போட்டுப் பார்த்துட்டேன். பணம் தாங்குது."

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்தார். "திட்டம் நல்லா இருக்கு. உங்க அண்ணனுக்கு வாடகை ரெண்டு மடங்கு ஆகுதே, அது அதைவிட நல்லா இருக்கு."

கணக்கர் மின்விசிறியைப் பார்த்தார். இத்தனை ஆண்டுகளில் அந்த அறையில் எத்தனையோ பேரை அவள் இப்படி உட்கார வைத்திருக்கிறாள். உட்கார்ந்து பார்த்தது இதுதான் முதல் தடவை.

"படகு மீசைக்காரரோடது," என்றாள்.

"என்னது?"

"திரும்பி வர்ற செலவையும் சேர்த்துக் கேட்டவர் அவர்தான். நாமதான் அதிகம்னு தள்ளிட்டோம். எங்க அண்ணனுக்கு இனிமே ஒரு நடைகூட வேண்டாம் சார்."

சாயங்காலமே போன் வந்தது. "எவனோ ஒருத்தனுக்காகக் கூடப்பொறந்தவன் வயித்துல அடிச்சுட்டியே பாப்பா."

"உன் வயிறு தாங்கும்ணா. நான் பார்த்திருக்கேன்."

அதோடு பேச்சு நின்றது. அண்ணியும் போன் செய்வதை விட்டுவிட்டாள். கணவர் மட்டும், "பம்புக் காசு மிச்சம்," என்று சொல்லிப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை.

மீசைக்காரர் மேலும் அவளுக்கு நம்பிக்கை கிடையாது. முதல் நடையிலேயே ஏறிக்கொண்டாள். மூட்டைகள் இறங்கி, ஆட்கள் ஏறினார்கள். கடைசியாக ஏறிய ஒரு பெரியவர் தன் மாவு மூட்டையை மார்போடு அணைத்தபடி நேராக மீசைக்காரரிடம் போனார்.

"எவ்வளவு எடுத்துக்கப் போறே?"

"ஒண்ணும் வேண்டாம் பெரியவரே. உட்காருங்க."

அவர் உட்காரவில்லை. திரும்பிக் கொக்கியைப் பார்த்தார். "அப்ப யார் குடுக்குறது?"

"எங்க ஆபீஸ் குடுக்குதுங்க ஐயா."

"ஆபீஸுக்கு யார் குடுக்குறா?"

"வெளியூர்ல இருக்கிற நல்லவங்க."

"அவங்களுக்கு என்ன வேணுமாம்?"

"உங்க மாவு உங்களுக்குத்தாங்க ஐயா. யாரும் கேட்க மாட்டாங்க," என்றாள்.

"ஏறும்போது அந்தப் படகுக்காரனும் கேட்கல. முதல் நடையில இறங்கிப் போன என் மருமக போன்ல சொன்னா. நடுத்தண்ணிக்கு வந்ததுக்கப்புறம்தான் இஞ்சினை அணைச்சுட்டுக் கேட்டானாம்."

அவர்களாக முன்வந்து கொடுக்கிறார்கள் என்று அண்ணன் கத்திச் சொன்னது இதைத்தான். கொக்கி தலையைக் குனிந்துகொண்டாள்.

பெரியவர் மூட்டையைப் பலகைமேல் போட்டு, அதன் மேலேயே உட்கார்ந்தார், அவளுக்கு நேர் எதிரே. படகு நடுத்தண்ணியை நெருங்கியபோது அவர் உடம்பு விறைத்தது. இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. கீழ் கரை தெரிந்தது. அப்போதும் அவர் அவள் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவள் தன் இரண்டு கைகளையும், அவருக்கு நன்றாகத் தெரியும்படி, படகின் விளிம்பில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் மூட்டையோடு கரையில் இறங்கி, கூட்டத்தில் மறையும்வரை அவள் கைகளை எடுக்கவில்லை.