தர்மபுரத்தில் செய்த பாட்டு

என் பேத்தி போன மாதம்தான் பிறந்தாள். மூக்கு என்னுடையது என்று எல்லோரும் சொல்கிறார்கள், நானும் மறுக்கிறதில்லை. கொட்டாவி விட்டால்கூட வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டுகிறேன். விரல்கள் மட்டும் தகப்பனுடையவை, நீட்டு விரல்கள். பார்க்க வருகிறவர்கள் தகப்பனுக்கு என்ன தொழில் என்று கேட்கிறார்கள். கிட்டார் அடிக்கிறவன் என்றால் சிரிக்கிறார்கள். என் மருமகன் பாலனைப் பற்றிச் சொல்ல வேண்டி வந்தது அதனால்தான்.

பாலன் வவுனியாப் பெடியன். அங்கே மூன்று பேராகச் சேர்ந்து றொக் பாண்ட் வைத்திருந்தார்கள். 2006 ஆகஸ்டில் முரசுமோட்டையில் ஒரு கலியாணத்துக்கு வாசிக்க வந்தார்கள். அந்தக் கிழமையே சண்டை தொடங்கி, வவுனியாவுக்குப் போகிற பாதையை ஓமந்தையில் பூட்டிவிட்டார்கள். திரும்பிப் போக வழியில்லை. மேளம் அடிக்கிற கோகுலனுக்கு மாமி வீடு தர்மபுரத்தில் இருந்ததால் மூவரும் இங்கே வந்தார்கள். படுக்க இடம் போதாமல், நெல் போடுகிற என்னுடைய கொட்டிலைக் கொடுத்தேன்.

கிட்டார்க் கம்பிகள் ஒவ்வொன்றாக அறுந்தன. சோப்பே வராத காலத்தில் கிட்டார்க் கம்பி எங்கே வரும்? பாலன் சைக்கிள் பிறேக் கம்பியைக் கட்டிப் பார்த்தான். அந்தச் சத்தத்துக்கு எங்கள் நாய் எழும்பிப் போனது.

கலியாண வீடுகளுக்கு லவுட்ஸ்பீக்கர் கட்டுகிற செல்வராசா, இனி உதவாது என்று ஒரு பெட்டி பழைய இசைத்தட்டுகளைக் கொடுத்தார். அதைக் கண்டதும் பாலனுக்கு வேறு யோசனை வந்தது. தட்டிலிருந்து ஒரு துண்டை வெட்டியெடுத்து, அதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டு, மேளம் போட்டு, அதற்குமேல் சொற்களை வேகமாகச் சொல்வதாம். ஹிப் ஹொப் என்றான். பாட்டு என்றால் இழுத்துப் பாட வேண்டாமா என்று கேட்டேன். நாங்கள் சண்டை பிடிக்கிற மாதிரிக் கதைத்தாலே பாட்டுத்தான் ஐயா என்றான்.

கம்ப்யூட்டர் வகுப்பு நடக்கிற இடத்தில், வகுப்பு முடிந்த பிறகு வேலை செய்தார்கள். கலியாண நாதஸ்வரத் தட்டு ஒன்றில் துள்ளிக்கொண்டு ஓடுகிற ஒரு துண்டைப் பாலன் எடுத்து, மேளத்துக்குப் பொருந்த வேகத்தைக் குறைத்தான். காதில் மாட்டி, மேளத்தோடு சேர்த்தே கேட்டுப் பழகிவிட்டார்கள். அந்த நாதஸ்வரத்தைத் தனியாக ஒருதரம் கேட்டிருந்தால் அது எதைப் போலக் கேட்கிறது என்று கோகுலனாவது கண்டுபிடித்திருப்பான்.

அப்போது சண்டைக் களத்தில் செத்த இயக்கப் பிள்ளைகளின் பெயரை ஊருக்குச் சொல்ல, ஸ்பீக்கர் கட்டின ஓட்டோ வரும். முதலில் இழுத்து அழுகிற நாதஸ்வரம், பிறகுதான் பெயர். பக்கத்து வீட்டுக் கமலாசனியின் ஒரே மகள் வினோஜா இயக்கத்தில் இருந்தாள். ஓட்டோச் சத்தம் கேட்டால் கமலாசனி அடுப்பு விறகை வெளியே இழுத்துவிட்டு வாசல் படலைக்கு ஓடுவார். வேறு பெயர் சொன்ன பிறகுதான் உள்ளே போவார். அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இல்லை.

பாட்டைக் கசெற்றில் பதிந்து, மோட்டார் சைக்கிள் பற்றரியில் செல்வராசாவின் ஸ்பீக்கரைக் கொழுவி, என் முற்றத்தில் முதன்முதலாகப் போட்டார்கள். மேளம் வர முன்னம் நாதஸ்வரம் மட்டும் கொஞ்ச நேரம் போகும். வேகம் குறைந்த கலியாண நாதஸ்வரம் ஓட்டோ நாதஸ்வரமாகவே கேட்டது. கமலாசனி பிட்டு மாக் கையோடு ஓடிவந்து படலையில் விழுந்தார்.

"ஆரின்ர பேர் சொன்னவங்கள்? ஆரின்ர பேர்?"

பாலனின் முகம் செத்துப்போனது. அடுத்தநாள் காலை அவரிடம் போய், அந்தத் துண்டை அழித்துவிடுகிறேன் என்றான். அதை எடுத்தால் பாட்டில் ஒன்றும் மிஞ்சாது என்று எனக்கே தெரியும். கமலாசனி கையிலிருந்த விளக்குமாற்றைப் படலையில் சாத்தினார்.

"அழிக்காதை தம்பி. நெடுகப் போடு. கேட்டுக் கேட்டு எனக்குப் பழகட்டும். அந்தச் சத்தம் கேட்ட நாளிலயும் நான் ஒரு வாய் சோறு தின்னோணும்."

அதனால் பின்னேரங்களில் அவருக்காகவே போட்டார்கள். முதலில் வேலிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு, மேளம் வரும்வரை மூச்சுவிடாமல் நிற்பார். பிறகு முற்றம் கூட்டிக்கொண்டே கேட்டார். பிறகு, மேளக்காரத் தம்பி நித்திரையோ, மேளம் பிந்துதே என்று கோகுலனைப் பகிடி பண்ணவும் தொடங்கினார். முகத்தில் கொஞ்சம் தசையும் பிடித்தது. அந்தப் பெடியள் செய்த பெரிய காரியம் இதுதான் என்று என் மகள் சொன்னாள். அவள் பாலனைப் பார்த்த விதத்தை நானும் கவனித்தேன்.

மாசி மாதத்தில் ஒருநாள் நானும் பாலனும் கொட்டிலில் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தோம். பற்றரியைச் சார்ஜ் பண்ணக் கொடுத்திருந்ததால் பாட்டுப் போட வழியில்லை. நாதஸ்வரம் கேட்டது. பாலன் என்னைப் பார்த்தான். சத்தம் சந்திப் பக்கமிருந்து வந்தது. பிறகு பெயர் சொன்னார்கள். வினோஜாவின் பெயர், தகப்பன் பெயர், எங்கள் ஊர்.

கமலாசனி படலைக்கு வரவில்லை.

பாலன் வேலியைப் பாய்ந்து போனான். நான் பின்னால் போனேன். குசினியில் அடுப்பு நன்றாக எரிந்துகொண்டிருந்தது. ஊதுகுழலோடு குந்தியிருந்தவர் நிமிர்ந்து சிரித்தார். சந்தியில் சொன்ன பெயர் ஊதுகிற சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை, நாதஸ்வரம் மட்டும் கேட்டிருக்கிறது.

"என்ன தம்பி, இண்டைக்கு மேளத்தைப் போட மறந்து போனியளோ?"

பாலன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஓட்டோ எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பிப் பெயரை இரண்டாந்தரம் சொன்னது.

கமலாசனி அடுப்பு விறகுகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்து அணைத்தார். அதன்பிறகுதான் நிலத்தில் உட்கார்ந்தார்.