புதுக்கோட்டை அம்மனுக்குக் கற்பூரம்

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், எங்கள் லயத்துக் காம்பராவின் சாமி மாடத்தில் முருகனுக்கும் மாரியம்மனுக்கும் நடுவே மூக்குக்கண்ணாடி போட்ட ஓர் அம்மனும் இருந்தாள். அம்மா கல்யாணமாகி வந்த புதிதில், பண்டாரவளை நானா கடையில் சீனி சுற்றிக் கொடுத்த இந்தியப் பத்திரிகைத் தாளில் இருந்த படம் அது. கிழிசல் போக மிஞ்சியது முகமும், கீழே 'புதுக்கோட்டை' என்ற ஒரு சொல்லும்தான். அம்மாவின் தாத்தா புதுக்கோட்டைப் பக்கமிருந்துதான் இலங்கைக்குக் கப்பலேறி வந்தாராம். அந்த மண்ணிலிருந்து தேடி வந்தவள் சாமியாகத்தான் இருக்கவேண்டும் என்பது அம்மாவின் முடிவு. சாமிக்கு எதற்குக் கண்ணாடி என்று கேட்ட எனக்கு நறுக்கென்று ஒரு குட்டு கிடைத்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் அவளுக்கும் குங்குமம் உண்டு, கற்பூரம் உண்டு.

அறுபதுகளின் கடைசியில் தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. மேலே படிக்க அப்புத்தளைக்குப் போகவேண்டும். மூன்று பெண்களில் மூத்தவளான என்னை, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் பேர் பதிந்து கொழுந்தெடுக்க அனுப்புவதாக அப்பா கங்காணியிடம் சொல்லிவிட்டார். ஆத்திரத்தில் அவரோடு பேசுவதையே நிறுத்தினேன். அவர் அதைக் கவனிக்கவே இல்லை என்பது வேறு விஷயம்.

அந்த வருடத்துக் கடைசி மாணவர் மன்றத்தில், இந்தியத் தலைவர்கள் சின்ன வயதில் எப்படிப் படித்தார்கள் என்று ஆளுக்கொருவரைப் பற்றிப் பேசவேண்டும். பெரிய தலைவர்களையெல்லாம் பையன்கள் அமுக்கிக்கொண்டார்கள். மிச்சமிருந்த ஒரு டாக்டரம்மாவை வாத்தியார் என் தலையில் கட்டினார். வேண்டாவெறுப்பாகப் புத்தகத்தைப் பிரித்தால், உள்ளே எங்கள் வீட்டு அம்மன்.

சாயங்காலம் அம்மா கூடையை இறக்கி வைத்ததும் சொல்லிவிட்டேன். "அம்மா, அது சாமி இல்ல, டாக்டர். ஆம்பளைங்க படிக்கிற காலேஜுல சேர்ந்தாங்களாம். சேக்கக் கூடாதுன்னு நெறையப் பேரு சண்ட போட்டாங்களாம். மூடுன வண்டியில போயி, தெரைக்குப் பின்னால உக்காந்து படிச்சாங்களாம்."

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "இத்தன நாளும் ஒரு மனுஷிக்கா கற்பூரம் காட்டுன?"

அம்மா சிரிக்கவில்லை. படத்தின் முன்னால் போய் நின்றாள். எடுத்து அடுப்பில் போட்டுவிடுவாளோ என்று எனக்குப் பயம். "அவங்க அப்பா ஒண்ணும் சொல்லலையா?" என்று மட்டும் கேட்டாள். அவர்தான் படிக்கவே வைத்தார் என்றேன். அப்பாவின் சிரிப்பு நின்றது.

மறுநாள் கங்காணி வாசலுக்கு வந்தார். "திங்கக்கெழம மூத்தவள பெரட்டுக்கு அனுப்பிருங்க."

அப்பா வாயைத் திறப்பதற்குள் அம்மா வெளியே வந்தாள். கங்காணிக்கு எதிரே நின்று அவள் பேசி நான் பார்த்ததே இல்லை.

"அவ வரமாட்டா, கங்காணி அய்யா. படிக்கப் போறா."

ஜனவரியில் என்னை அப்புத்தளை பஸ்ஸில் ஏற்றிவிட்டது அப்பாதான். இன்று நான் படித்தவள் என்று நாலு பேர் சொன்னால், அது அன்றைக்குக் கங்காணியை விட்டு அப்பா பக்கம் திரும்பி அம்மா சொன்ன அடுத்த வார்த்தையால் வந்தது. அதற்காக அவளை எத்தனை முறை கும்பிட்டாலும் எனக்குப் போதாது.

"ஒவ்வொரு தடவையும் அந்த அம்மாகிட்ட ஆம்பளப் புள்ளதான் கேட்டேன். மூணும் பொண்ணாவே குடுத்தாங்க. எதுக்குக் குடுத்தாங்கன்னு இப்பதாங்க வெளங்குது."