வாடி என்று எழுதிய விலாசம்

தொண்ணூற்றைந்தில் கொடிகாமத்தில் நிவாரண அட்டைக்குப் பெயர் பதியும் வேலை எனக்கு. சீமெந்து வராததால் அச்சில் கல் அரிவது நின்றுபோன வாடி ஒன்றில், கொழும்புத்துறையிலிருந்து சண்டையால் இடம்பெயர்ந்த குடும்பம் தங்கியிருந்தது. வேலை முடிந்ததும் பிரித்துவிடுகிற கொட்டிலைத்தான் நாங்கள் வாடி என்போம். அப்படி எழுத எனக்கு மனம் வரவில்லை. விலாசத்தில் 'வீடு' என்று எழுதி, வாசித்தும் காட்டினேன்.

கற்களை அடுக்கி மூட்டிய அடுப்பில் சோறு வடித்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தார்.

"தம்பி, அதை வெட்டிப்போட்டு வாடி எண்டு எழுதுங்கோ."

"உங்களுக்குக் குறைவா இருக்குமெண்டு நினைச்சன், அக்கா."

"வாடியிலை ஆரும் நெடுக இருக்கிறேல்லை. எங்கடை வீடு கொழும்புத்துறையிலை இருக்கு."

வெட்டி எழுதினேன். இரக்கப்பட்டு அவருடைய வீட்டை இல்லாமல் செய்யப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு, கேட்காமல் எவருக்கும் 'வீடு' என்று நான் எழுதியதில்லை.