சாக வேண்டிய கத்தரிச் செடிகள்

என் வயலில் பாதிச் செடிகள் சாகட்டும் என்றுதான் நட்டேன். இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். தோட்டக்கலையில் முதுநிலைப் படிப்பு, இரண்டாம் வருடம், ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்டது கத்தரி. விசேஷ வீட்டில் சொந்தக்காரர்கள் யாராவது என்ன படிக்கிறாய் என்று கேட்டு, நானும் உள்ளதைச் சொன்னால், "கத்தரிக்கா போட எதுக்குத்தா காலேசு?" என்பார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் தெரியாமல் கேட்கிறார்கள். தெரிந்தே செய்தவர்கள் மேல்தான் எனக்கு ஆத்திரம்.

சோழவந்தானைத் தாண்டி வாய்க்கால் ஓரத்தில் அப்பாவுக்கு வயல் இருக்கிறது. இரண்டு வருடமாக அதில் கத்தரி நிற்கவில்லை. வாடல் நோய். காலையில் தெம்பாக நிற்கும் செடி மத்தியானம் தலையைத் தொங்கப் போடும். சாயங்காலம் கொஞ்சம் தேறியது போலத் தெரியும். நாலைந்து நாளில், இலையில் பச்சை மாறாமலே செத்துப் போகும். நோய் மண்ணிலேயே இருப்பதால் மேலே எதை அடித்தாலும் வீண். ஆனால் சுண்டைக்காய்ச் செடியின் வேர் இந்த நோய்க்கு எளிதில் மசியாது. அதனால் சுண்டை நாற்றின் தலையைச் சீவிவிட்டு, தண்டை நடுவில் பிளந்து, கத்தரியின் தலையை அதில் செருகி ஒட்டுக் கட்டுவார்கள். வேர் சுண்டை, காய் கத்தரி. நான் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. எங்கள் பக்கத்துக் கத்தரிக்கு, எங்கள் பக்கத்து மண்ணில் இது பலிக்குமா என்று பார்ப்பதுதான் என் வேலை.

அப்பாவுக்கும் அது ஒன்றுதான் தெரிய வேண்டும். ஒரு ஒட்டுக்கன்று வாங்கும் காசுக்குச் சாதாரணக் கன்று ஏழெட்டு வாங்கலாம் என்பதால் அவர் தயங்கிக்கொண்டிருந்தார். போனில் சாப்பிட்டாயா என்று கேட்ட கையோடு, "ஏத்தா, ஆடிக்கு ஒட்டுக்கன்னே போட்ரலாமா?" என்பார். "பொறுங்கப்பா, பங்குனி முடியட்டும், சொல்றேன்" என்பேன். என்னை நம்பி ஒருவர் நிலத்தைக் காலியாக வைத்துக்கொண்டு காத்திருந்தார். அது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

கல்லூரிப் பண்ணையில் நோய் பிடித்த மண் எது என்று தேடிப் பிடித்து, அதைத்தான் கேட்டு வாங்கினேன். தை மாதம் நட்டேன். பாதிப் பாத்திகளில் ஒட்டுக் கட்டிய கத்தரி, பாதியில் ஒட்டில்லாத வெறும் கத்தரி. எந்தப் பாத்தியில் எது என்று சீட்டுக் குலுக்கிப் போட்டு, கலந்து கலந்து நட்டேன். வெறும் கத்தரிக்கு எங்கள் பாஷையில் கன்ட்ரோல் என்று பெயர். அதற்கு மருந்து கிடையாது, காப்பு கிடையாது. அது வாட வேண்டும். அது வாடி, பக்கத்துப் பாத்தி நின்றால்தான் ஒட்டு காப்பாற்றியது என்று அர்த்தம். அது இல்லாமல் ஒட்டுச் செடி மட்டும் நின்றால், ஒட்டினால் நின்றதா, அந்த வருடம் மண்ணில் நோயே கிளம்பவில்லையா என்று எவராலும் சொல்ல முடியாது. இதை முதல் வருடத்து முதல் பாடத்திலேயே சொல்லித்தருகிறார்கள். சொல்லித்தருபவர்கள் சம்பளம் வாங்கும் அதே கல்லூரியில்தான் அடுத்து வருவது நடந்தது.

பங்குனியில் பூ வைத்தபோது வெறும் கத்தரிகள் சில மத்தியானத்தில் தொங்க ஆரம்பித்தன. வெயிலா, நோயா, வேர்ப்புழுவா என்று பார்க்க வேண்டும். தண்டை அறுத்துக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் வைத்தால், வாடல் நோயாக இருந்தால் வெட்டிலிருந்து பால் போல ஒழுகும். அந்த வாரம் அதைச் செய்வதாக இருந்தேன். அதே வாரம்தான் கல்லூரியைப் பார்வையிட்டுத் தரம் போட ஒரு குழு வருகிறது என்றார்கள்.

அப்புறம் கல்லூரி கல்யாண வீடாகிவிட்டது. பாதையோரக் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு, வாசலில் வாழை மரம், வருகிறவர்களுக்குப் பொன்னாடை, பழக்கூடை. எங்களை வகுப்பிலிருந்து கூப்பிட்டுக் கோலம் போடச் சொன்னார்கள். பெண் பிள்ளைகளை மட்டும். நான் முனகிக்கொண்டே ஒரு நாள் முழுக்கக் கோலப்பொடியோடு கிடந்தேன். மறுநாள் காலையில் வயலுக்குப் போனேன்.

என் வெறும் கத்தரிகள் ஒன்றுகூட இல்லை. வாடியதும் வாடாததுமாக அத்தனையையும் வேரோடு பிடுங்கியிருந்தார்கள். பிடுங்கிய இடம் பொக்கையாகத் தெரியக் கூடாது என்று, கேந்திப் பூச்செடிகளைக் கொண்டுவந்து பிளாஸ்டிக் பையோடு அப்படியே குழியில் இறக்கி வைத்திருந்தார்கள். பையின் விளிம்பு மண்ணுக்கு மேலே கறுப்பாகத் தெரிந்தது. நோய் மண்ணின் நடுவில் மஞ்சளும் ஆரஞ்சுமாகப் பூ.

பண்ணையில் வேலை பார்க்கும் அக்கா ஒருவர் பக்கத்துப் பாத்தியில் நின்றார். நான் கேட்பதற்கு முன்னாலேயே, "சாருதான் பட்டுப்போனத எல்லாம் எடுக்கச் சொன்னாரு. ஒனக்கு மார்க்கு கொறஞ்சிரும்னு நானும் சுத்தமா எடுத்துட்டேன்த்தா" என்றார். நல்லது செய்ததாக நினைத்துச் சொன்னார். பிடுங்கியது எங்கே என்றேன். குப்பைக் குழியைக் காட்டினார். எரித்துவிட்டார்கள். அறுத்துப் பார்க்க ஒரு தண்டுகூட மிஞ்சவில்லை.

பண்ணை மேலாளரிடம் போனேன். அவரும் தோட்டக்கலை படித்தவர்தான், என்னைவிடப் பெரிய படிப்பு. "சார், அது என் கன்ட்ரோல்" என்றேன்.

"தெரியும்மா. ஆனா ரோட்டுல நின்னு பாக்குறவனுக்குத் தெரியுமா? பண்ணையில நோவு விழுந்து கெடக்குன்னுதான் நெனப்பான்."

தெரியும் என்றார். தெரியாது என்று சொல்லியிருந்தாலாவது மனது ஆறியிருக்கும். குழு வந்தது, பேட்டரி வண்டியில் என் வயலைச் சுற்றிக்கொண்டு போனது. வண்டியை விட்டு ஒருவரும் இறங்கவில்லை. நோய் தாக்கிய செடி ஒன்றுகூட இல்லாத பண்ணை என்று பாராட்டினார்களாம். மேலாளர் அதை மேடையில் சொன்னபோது எல்லோரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. அந்தக் கையால் வேறு ஏதாவது செய்துவிடுவேனோ என்று மடியில் இறுக்கி வைத்துக்கொண்டேன்.

என் வழிகாட்டிப் பேராசிரியை கெட்டவர் இல்லை. கதவைச் சாத்திவிட்டு, தணிந்த குரலில் பேசினார். "ரிசல்ட் எப்படி வந்திருக்கும்னு உனக்கே தெரியும்ல? மத்தவங்க ஆய்வுல என்ன நம்பர் போட்டிருக்காங்களோ அத ஒட்டிப் போட்டுக்க. இல்லன்னா இன்னொரு தடவ நடணும், ஆறு மாசத்துக்கு மேல தள்ளிப் போகும். வீட்ல கேட்டுக்க."

வீட்டில் கேட்க என்ன இருக்கிறது? வீட்டில் இருப்பவர்தானே என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். இன்னொரு தடவை நடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். சுண்டை நாற்று ஒட்டுக்குத் தயாராகவே இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். அது வளர்ந்து, ஒட்டி, நட்டு, பதில் சொல்ல மார்கழி வந்துவிடும்.

சித்திரைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போனபோது அப்பா கேட்டார். நான், "தெரியலப்பா" என்றேன்.

"ரெண்டு வருசமா படிச்சுப்புட்டு தெரியலங்குறியே."

"ஒட்டுச் செடி நிக்கிது. அது எதனால நிக்கிதுன்னு சொல்ல முடியல. மார்கழியில சொல்றேன்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். "அம்புட்டுக் காசப் போட்டு, தெரியலன்னா எப்பிடித்தா? நெலத்தச் சும்மா போட முடியாதுல்ல" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். இந்த வருடமாவது நிற்காதா என்று ஆடியில் வழக்கமான கன்றையே வாங்கி வயல் முழுக்க நட்டார். நான் அதே ஆடியில் கல்லூரியில் என் பாத்திகளை மறுபடி நட்டேன். இந்த முறை "ஆய்வு. பிடுங்காதே" என்று பெரிதாக எழுதி ஒரு தகரப் பலகையும் நட்டேன். கல்லூரிக்குள் அப்படி ஒரு பலகை தேவைப்படுகிறதே என்று நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

புரட்டாசிக் கடைசியில் அப்பா போன் செய்தார். வா என்று சொல்லவில்லை. "தொங்குதுத்தா" என்றார், அவ்வளவுதான்.

போய்ப் பார்த்தேன். உச்சி வெயில். வரப்பிலிருந்து அடுத்த வரப்பு வரைக்கும் கத்தரி தலையைத் தொங்கப் போட்டு நின்றது. வீட்டிலிருந்து டம்ளர் கொண்டுவரச் சொல்லி, ஒரு தண்டை அறுத்து வைத்தேன். வெட்டிலிருந்து வெள்ளையாக இழை இழையாக ஒழுகியது. இன்னொன்றை அறுத்தேன், அதிலும் ஒழுகியது. பங்குனியில் நான் பார்த்திருக்க வேண்டியது இது. கல்லூரியில் நாலு பாத்தியில் செத்துத் தொலைந்திருக்க வேண்டியவை, எங்கள் வயல் முழுக்கச் செத்துக்கொண்டிருந்தன. அவர்கள் பிடுங்கி எரித்த கன்ட்ரோலை அப்பா தன் சொந்தக் காசில் எனக்கு நட்டுக் கொடுத்திருந்தார்.

மேடம் சொன்னபடி நம்பரைப் போட்டு, அப்பாவிடம் கூசாமல் "ஒட்டுக்கன்னே போடுங்க" என்று பொய் சொல்லியிருந்தால் இந்த வயல் ஒருவேளை பிழைத்திருக்கும். உண்மையைச் சொன்னேன், வயல் போயிற்று. இதை எந்தப் பாடத்தில் எழுதுவது? அப்பா டம்ளரை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இதத்தான் பாக்கணும்னு சொன்னியா?" என்றார். ஆமாம் என்றேன்.

மறுநாள் ஒரு செடியை வேரோடு பிடுங்கி, மண்ணை உதறாமல் உரச்சாக்கில் சுற்றி, அரப்பாளையம் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு கல்லூரிக்கு வந்தேன். நேராகப் பண்ணை மேலாளர் அறைக்குப் போய் அவர் மேசையில் கிடத்தினேன். சாக்கைப் பிரித்ததும் வாடிய தலை ஒரு பக்கம் சரிந்தது.

"சார், பங்குனியில நீங்க பிடுங்கின கன்ட்ரோல். எங்கப்பா வயல்ல இருந்துச்சு. இன்னும் நெறைய இருக்கு, பிடுங்க ஆள் அனுப்புறீங்களா?"

அவர் செடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தண்டை லேசாக அழுத்தியும் பார்த்தார். படித்தவர் அல்லவா, என்ன நோய் என்று உடனே புரிந்துவிட்டது. அப்புறம், கையைக் கைக்குட்டையில் துடைத்தபடி சொன்னார்.

"மேசையெல்லாம் மண்ணாகுதும்மா. எடுத்துட்டுப் போ."