பன்னீர்ச் செம்பும் பதினோரு மணி டீயும்

கல்லூரி வாத்தியார் வேலையில் பாடம் நடத்துவது சுகம். குழு நடத்துவதுதான் பெரும்பாடு. குழு என்று கேட்டதுமே நெற்றியைத் தேய்த்துக்கொள்ளும் சக ஆசிரியர்களே, இது உங்களுக்குத்தான் புரியும். பல்கலைக்கழகத்திலிருந்து சுற்றறிக்கை வந்ததும், சங்கரன்கோவிலைத் தாண்டிக் கரிசல் காட்டு நடுவில் இருக்கும் எங்கள் கல்லூரியில் பாலினச் சமத்துவக் குழு ஆரம்பித்தார்கள். யாரை ஒருங்கிணைப்பாளராகப் போடலாம் என்று பேச்சு வந்தபோது நான் தண்ணீர் குடிக்க வெளியே போயிருந்தேன். திரும்பி வந்தால் நான்தான் ஒருங்கிணைப்பாளர்.

முதல் கூட்டம்

கூட்டத்தை மாலை நாலரைக்கு வைத்தார் முதல்வர். திருவேங்கடம் ஊருக்குப் போகும் டவுன் பஸ் நாலே காலுக்கு. அதை விட்டால் வீடு போய்ச் சேர இருட்டிவிடும் என்று ஆசிரியைகள் எல்லோரும் அதில் ஏறிப் போய்விட்டார்கள். ஸ்கூட்டி வைத்திருந்த பாவத்துக்கு நான் மட்டும் மாட்டிக்கொண்டேன். எதிரே வரிசையாக ஆண்கள்.

எங்கள் வேதியியல் துறைத் தலைவர் பரமசிவன் சார் தங்கமான மனிதர். நான் முழிப்பதைப் பார்த்து மனம் இரங்கினார். "கவலப்படாதீங்க மேடம். பெண்கள் பிரச்சினைய நாங்க பேசிருதோம், நீங்க மினிட்ஸ் மட்டும் எழுதிருங்க."

பன்னீர்ச் செம்பு

எந்த விழாவானாலும் வாசலில் சந்தனம், கற்கண்டு, பன்னீரோடு பட்டுச்சேலை கட்டிய ஆசிரியைகள் நிற்க வேண்டும். எங்கள் துறையில் பன்னீர்ச் செம்பு இசக்கியம்மாள் மேடத்துக்கு என்று எழுதாத சட்டம். பரமசிவன் சாருக்கு அடுத்த சீனியர் அவர்தான். கடைசி பெஞ்சும் கொட்டாவி விடாமல் பாடம் நடத்துவார். ஆனாலும் விழா என்றால் செம்புதான். "இந்தத் தடவை ஆண்களும் நிற்கட்டும்" என்று நான் சண்டை போட்டேன். மேடத்துக்கு அடுத்த சீனியரான கணேசன் சார், "இது என்ன பெரிய வித்தையா?" என்று செம்பை வாங்கிக்கொண்டார்.

அதை மணிக்கட்டால் லேசாக உதற வேண்டும். அவர் பந்து வீசுவதைப் போல வீசினார். மூடி கழன்று, சிறப்பு விருந்தினர் கண்ணாடியோடு குளித்துவிட்டார். நான் சிரிப்பை அடக்கப் பட்டபாடு எனக்குத்தான் தெரியும். இசக்கியம்மாள் மேடம் சிரிக்கவே இல்லை. விருந்தினருக்குக் கைக்குட்டை கொடுத்தார், மூடியைத் திருகினார், கணேசன் சாருக்குக் கையை எப்படி வளைப்பது என்று மெதுவாகச் சொல்லிக் கொடுத்தார். விழா முடிந்ததும் கணேசன் சார் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே வந்தார். "மேடம், இது இப்படி கை வலிக்கும்னு நீங்க ஒரு நாள்கூட சொன்னதில்லையே?"

கரிசனம்

பரமசிவன் சார் மே மாதம் ஓய்வு பெறுகிறார். அடுத்த தலைவர் யார் என்று துறையில் பேசி ஒரு பெயர் கொடுங்கள் என்றிருந்தார் முதல்வர். பேச்சு முடிந்து, கணேசன் சார் பெயரும் முடிவாகிவிட்டது என்று எனக்குத் தற்செயலாகத்தான் தெரிந்தது. எங்கே பேசினார்கள் என்கிறீர்களா? கல்லூரி வாசலுக்கு எதிர்த்த டீக்கடையில், பதினோரு மணி டீக்கு. எங்கள் துறையின் பாதி முடிவுகள் அந்த பெஞ்சில்தான் பிறக்கும். ஆசிரியைகள் அங்கே போவதில்லை; எங்களுக்கு ஓய்வறையில் பிளாஸ்க் காபி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே பரமசிவன் சாரிடம் போனேன். அவர் குரலில் நிஜமான இரக்கம் இருந்தது. இசக்கியம்மாள் மேடத்தின் மாமியார் இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் கிடக்கிறார், இந்தச் சுமையையும் அந்த அம்மா தலையில் வைப்பது பாவம் என்றார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா என்றேன். "அதெப்படி மேடம்? கேட்டா சங்கடப்படுவாங்கல்லா!"

தயிர்சோறு

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் இசக்கியம்மாள் மேடத்திடம் விஷயத்தைச் சொன்னேன். பிசைந்த தயிர்சோற்றையே திரும்பத் திரும்பப் பிசைந்துகொண்டிருந்தார். கண் நிறைந்துவிட்டது. அந்த நாற்காலி மேல் அவருக்கு எவ்வளவு ஆசை என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. மாமியாரைக் காரணம் சொன்னார்கள் என்றதும் அழுகைக்கு நடுவே சிரித்தே விட்டார். "எங்க அத்தையா காரணம்? அவ்வோதான் தெனமும் படுத்துக்கிட்டே கேக்காவ, 'ஏட்டி, எப்ப ஹெட்டு ஆவே'ன்னு!"

பதினோரு மணி டீ

மறுநாள் பதினோரு மணிக்கு, "வாங்க, டீ குடிச்சிட்டு வருவோம்" என்றார் இசக்கியம்மாள் மேடம். இரண்டு பேரும் ரோட்டைத் தாண்டினோம். எங்களைப் பார்த்ததும் பெஞ்சு மொத்தமும் எழுந்து நின்றது. கடைக்கார அண்ணாச்சி பதறிப்போய்த் தன் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துத் தனியாகப் போட்டார். மேடம் அதில் உட்காரவில்லை. பெஞ்சில், பரமசிவன் சாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். டம்ளரை வாங்கிக்கொண்டு நிதானமாகச் சொன்னார். "அடுத்த ஹெட்டைப் பத்தி இங்கனதான பேசுவீங்க? எனக்கு ஆசை இருக்கு சார். இப்ப பேசுங்க, நானும் கேக்கேன்."

பரமசிவன் சார் தலையைக் குனிந்துகொண்டார். கணேசன் சாருக்கு முகம் சுண்டித்தான் போனது; இல்லை என்று சொன்னால் பொய். டீயை ஒரு ஆற்று ஆற்றிவிட்டுச் சொன்னார்: "முறைப்படி உங்களுக்குத்தான மேடம். செம்பு பிடிச்ச அன்னைக்கே எனக்கு உறுத்துச்சு."

ஜூன் மாதம்

துறைத் தலைவர் அறையில் முதல் வேலையாக இசக்கியம்மாள் மேடம் வீட்டுக்குப் போன் போட்டார். "அத்தை, உக்காந்துட்டேன்" என்றவர் அழுதுவிட்டார். எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வேறு போட்டிருந்தார். படுக்கையிலிருந்து வந்த குரல் கணீரென்று இருந்தது. "ஏட்டி, அழாத! நாற்காலி நல்லா இருக்கா, இல்ல அந்தப் பரமசிவன் உக்காந்து பள்ளமாக்கி வச்சிருக்கானா?"

இப்போதெல்லாம் எங்கள் சமத்துவக் குழு பதினோரு மணிக்கு டீக்கடை பெஞ்சில்தான் கூடுகிறது. மினிட்ஸ் எழுதுவது கணேசன் சார்.