ஓரத்துக்கு நேரே ஒரு புள்ளி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஒரு மோடன், சரியான முட்டாள். நேற்றுப் பின்னேரம் சூமில் பௌதிகவியல் வகுப்பு; கோட்டு மின்னேற்றமொன்றின் மின்புலத்தைத் தொகையீட்டால் காணும் பாடம். கையை ஆட்டி, குரலை ஏற்றி இறக்கி, நடுவில் பகிடியும் விட்டு முடித்த பிறகுதான் பார்த்தேன், மைக் அணைந்தே கிடந்திருக்கிறது. ஒரு பிள்ளையும் சொல்லவில்லை. பகிடிக்கு யாரும் சிரிக்காததும் எனக்கு வித்தியாசமாகப் படவில்லை, வழமையே அதுதான்.

என் பிள்ளைகள் கட்டாரில். மனைவி மௌத்தான பிறகு வீட்டில் நானும் கரும்பலகையும்தான். பலகையைத் துடைத்தால் வெண்கட்டித் தூள் மணக்கும். அந்த மணத்தோடு நௌபரும் வந்துவிடுவான்.

உயர்தரத்தில் என்னோடு ஒரே வாங்கில் பக்கத்தில் இருந்து படித்தவன் நௌபர். கல்முனைக் கடற்கரைப் பக்கம், கருவாடு காயும் வாடைக்குள் ஒரு கிடுகுக் கொட்டிலில் எங்கள் டியூசன். அங்கும் இதே பாடம்தான்: கோட்டைப் பொடித் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டும் எதிரே உள்ள புள்ளியைத் தள்ளும் தள்ளலைக் கூட்ட வேண்டும். நான் எந்தக் கணக்கைக் கண்டாலும் பக்கவாட்டுக் கூறுகளை வெட்டிவிடுவேன். புள்ளி கோட்டின் நடுவுக்கு நேரே இருந்தால் அது சரி. இடப்பக்கத்தை வலப்பக்கம் ஈடுசெய்துவிடும். நுனிக்கு நேரே இருந்தால் ஈடுசெய்ய மற்றப் பக்கத்தில் ஒன்றுமில்லை, புலம் சரிந்துதான் போகும். இவ்வளவுதான் விசயம். என் மண்டைக்குள் இறங்கவில்லை.

ஒருநாள் அஸர் தொழுதுவிட்டு வரும்போது பள்ளிவாசல் முற்றத்தில் பிடித்துக்கொண்டான்.

"இமாம் எங்க நிக்காரு? ஸப்புக்கு நடுவுக்கு நேர. ரெண்டு பக்கமும் ஆள் சமன், வெட்டும். ஒன்னப்போல பிந்தி வாறவன் நிக்கிற ஓரத்துக்கு நேர ஒராள நிப்பாட்டு. வெட்டுமா?"

"வெட்டாது."

"அப்ப ஏன்டா வெட்டுறா?"

தொழுகை வரிசையை வைத்து மின்புலம் விளங்கிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். விளங்கிய பிறகும் அந்தப் பிழையை விடவில்லை. "ஓரம்டா, ஓரம்" என்று அவன் என் தலையில் குட்டுவது பிடித்துப்போய், சிலநாள் வேண்டுமென்றே வெட்டினேன்.

நௌபர் இப்போது மெல்பேர்னில். பெருநாளைக்கு ஒரு வாழ்த்துப் படம் அனுப்புவான், நானும் ஒன்று அனுப்புவேன். இரண்டும் வேறு யாரோ செய்தவை. கொட்டிலைக் கடல் கொண்டுபோய்விட்டது. அந்த இடத்தில் மணல்தான் இருக்கிறது, கணக்குப் போட நல்ல மணல்.

நேற்று எனக்குக் கிறுக்குப் பிடித்தது. பலகையில் நுனிக்கு நேரே புள்ளியைக் குறித்து, பக்கவாட்டுக் கூறுகளைத் தடித்த கோட்டால் வெட்டி, படமெடுத்து நௌபருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். கீழே, "சரியாடா?" என்று மட்டும்.

இஷாத் தொழுகைக்குப் பிந்திப் போய் ஸப்பின் ஓரத்தில் நின்றேன். வெளியே வந்து பார்த்தால் நீலக் குறி விழுந்திருந்தது, பதிலில்லை. ஏச்சுத்தான் வரும், நீளமாக எழுதுகிறான் போல என்று என்னையே தேற்றிக்கொண்டேன். 'மோடன்' என்ற ஒரு சொல் வந்திருந்தாலும் போதும்.

சுபஹுக்கு எழும்பியபோது வந்திருந்தது.

"ஓம் மச்சான், சரிதான்."