மண் பூசி அடைத்த பிளாஸ்டிக் வீடு

சாயங்காலம் ஆடுகளைப் பட்டியில் அடைத்த பிறகு, சென்னம்மாள் அக்கா வாசற்படியில் நின்று ஒரு காலை மட்டும் இறக்கி மண்ணில் வைப்பார். கொஞ்ச நேரம் அப்படியே நிற்பார். நான் இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து இதைப் பார்க்கிறேன். பிறகு, "இன்னிக்கு மண்ணு கடிக்குது" என்றோ "பரவால்ல" என்றோ சொல்வார். கடிக்கிறது என்றால் அன்றைக்குப் பிள்ளைகளுக்கு இரட்டைப் போர்வை.

அக்கா என் கணவரின் அண்ணன் மனைவி. மலைமேல் வாழவந்தி நாட்டில் எங்கள் இரண்டு வீடுகளும் ஒரே களத்தைப் பார்த்து நிற்கின்றன. கரடித் தடம் கிடக்கும் ஓடையில் தனியாக விறகு பொறுக்குகிறவர் அவர். அவர் பயந்து நான் பார்த்தது அந்த ஒரு மார்கழியில்தான்.

அதற்கு முந்தைய வருஷம் வாடல் நோய் வந்து எங்கள் மிளகுக் கொடிகள் எல்லாம் மஞ்சளாகி உதிர்ந்துவிட்டன. அக்காவின் வீட்டுக்காரர் வேல்முருகன் மாமா மலைக்குக் கீழே முள்ளுக்குறிச்சிப் பக்கம் ஒரு கோழிப்பண்ணைக்கு வேலைக்குப் போனார். "மொளகு திரும்பி வந்தா நானும் ஒரேயடியா திரும்பி வாரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினார். வீட்டுக்குப் பின்னால் பலா மரத்தில் ஏறியிருந்த ஒரே ஒரு கொடி மட்டும் அந்த நோய்க்குத் தப்பி நின்றது. அதிலிருந்து நாற்றுப் போட்டால் காட்டை மறுபடி நிரப்பலாம் என்று அக்கா காத்திருந்தார்.

ஐப்பசி மழையில் அந்தப் பலா மரம் சாய்ந்தது. கொடியும் வேரோடு வந்துவிட்டது.

மாசியில்தான் கொடி வெட்டி வைப்பது வழக்கம். "மாசி வரைக்கும் இது கெடக்குமா? காஞ்சு வெறகாயிரும்" என்று அக்கா அன்றைக்கே கொடியைத் துண்டு துண்டாக நறுக்கி, மண் நிரப்பிய பைகளில் நட்டார். மூங்கிலை வளைத்து ஊன்றி, சோளக்காடு சந்தையில் வாங்கிய பிளாஸ்டிக் ஷீட்டை மேலே போட்டோம். உள்ளே உட்காரலாம், நிற்க முடியாது. ஊரில் அதைப் பிளாஸ்டிக் ஊடு என்று கேலி பேசினார்கள்.

கார்த்திகை வரை தளிர் நன்றாக வந்தது. மார்கழியில் மழை விட்டு வானம் வெளுத்தபோதுதான் குளிர் இறங்கியது. ஷீட்டைத் தொட்டுக்கொண்டிருந்த இலைகள் விடிந்து பார்த்தால் கறுத்திருந்தன. அக்கா பழைய சேலைகளைக் கொண்டுவந்து மேலே போர்த்தினார். அப்புறம் சாக்கு. அப்புறம் தன் கம்பளி.

"ஏனுங்கக்கா, மாமா வந்தா எதைப் போத்துவீங்க?" என்றேன்.

"உங்க மாமா வாரத்துக்கு ஒருக்கா வர்ற விருந்தாளி. இப்போதைக்கு இந்தக் கொடிதான் எம் புருசன்" என்று சிரித்தார். ஆனால் கறுத்த இலைகளைக் கிள்ளும்போது நான் பார்க்கிறேனா என்று திரும்பிப் பார்த்துவிட்டு மடியில் மறைத்துக்கொண்டார்.

எங்கள் வீடுகளில் மார்கழி முழுக்க அடுப்பு அணையாது. அடுப்புக்கு மேலே பரணில் விதைக் கேழ்வரகுக் கதிர் கிடக்கும். அந்தச் சூட்டில் பூச்சியும் வராது, பூஞ்சையும் வராது. அக்காவுக்கு அதுதான் யோசனை தந்தது.

"அடுப்படியில வெதை பொழைக்குது. கொடி பொழைக்காதா?" என்று ஓட்டை இரும்புச் சட்டியில் கங்கு அள்ளிப் பிளாஸ்டிக் வீட்டுக்குள் வைத்தார். தானியக் குதிரின் வாயைக் களிமண் பூசி அடைப்பதுபோல, ஷீட்டின் அடி ஓரம் முழுக்க ஈரச் செம்மண் பூசினார். எறும்பு நுழைய இடமில்லை.

"மூச்சு முட்டாதுங்களா அக்கா?"

"பொகையே இல்ல கண்ணு, வெறும் கங்கு. மூச்சு எதுக்கு முட்டுது?"

எங்கள் கூரையில் ஓட்டுக்கு ஓடு சந்து இருக்கிறது. இதில் சந்தே இல்லை. அது என் மனதை அறுத்துக்கொண்டே இருந்தது.

மறுநாள் விடியும்போது களமெல்லாம் மூடுபனி. தழை அறுக்க அரிவாளோடு வந்தேன். சேலையும் சாக்கும் விலகியிருந்த இடத்தில், ஷீட்டுக்குள் அக்காவின் சிவப்பு ஸ்வெட்டர் மங்கலாகத் தெரிந்தது. கங்கு மாற்ற நுழைந்தவர், நுழைந்த ஓரத்தை உள்ளிருந்தே மண்ணால் அடைத்துவிட்டு மூங்கிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"அக்கா."

அவர் திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டேன்.

"தூக்கமா வருது கண்ணு..." என்றார். வாயில் சோற்றை வைத்துக்கொண்டு பேசுவதுபோல இருந்தது.

விடிந்த பிறகு அக்கா கண் மூடி நான் பார்த்ததில்லை. ஷீட்டைக் கிழித்தால் கொடிகள் குளிரில் போய்விடும், மாமா கீழேயே நின்றுவிடுவார் என்பது எனக்குத் தெரியும். உள்ளே ஸ்வெட்டர் மெதுவாகச் சரிந்தது. அரிவாளை ஓங்கி ஷீட்டை மேலிருந்து கீழாகக் கிழித்தேன். உள்ளேயிருந்து வந்த சூடு முகத்தில் அடித்தது. அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக் களத்துக்கு இழுத்துப் போட்டேன். கண் பாதி திறந்திருந்தது. நான் போட்ட கூச்சல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

குளிர் காற்று பட்டு அக்கா வாந்தி எடுத்தார். முதலில் சொன்னது இதுதான்: "எவடி கிழிச்சவ? மூடுடி, கொடிக்குக் குளிரும்."

என் கணவர் அவரை நடுவில் உட்கார வைத்து, நான் பின்னால் பிடித்துக்கொள்ள, வண்டியில் செம்மேட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். கங்கிலிருந்து வரும் கெட்ட காற்றுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை, ஆளைத் தூக்கம்போலக் கொண்டுபோய்விடும் என்று நர்ஸம்மா சொன்னார்.

மத்தியானம் மாமா வந்தார். "கோழிக்குஞ்சுக்குச் சூடு போடற எடத்துலகூட ஒரு பக்கம் தொறந்து வெப்பாங்கடி. மண்ணு பூசிட்டு உள்ள உக்காந்தியா நீ?" என்று கத்தினார். கத்திவிட்டு வெளியே போய் அழுதார்.

"கொடி எப்படி இருக்குது?" என்று அக்கா என்னைக் கேட்டார். நான் போர்வையை இழுத்து அவர் கால்களை மூடினேன்.

திரும்பி வந்தபோது கிழிந்த ஷீட் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. தளிர்கள் துவண்டு தொங்கின. அடுத்த சில நாளில் பெரும்பாலான பைகள் கறுத்துவிட்டன. தை முடியும்வரை அக்கா என்னோடு சரியாகப் பேசவில்லை. ஒருநாள் காலையில், "தேனு, இங்க வா" என்று கூப்பிட்டு, செத்த தண்டு ஒன்றின் கணுவில் முளைத்திருந்த பச்சைப் புள்ளியைக் காட்டினார். அப்புறம் இன்னும் சிலவற்றில் அப்படி வந்தது.

பிழைத்த கொடிகள் கொஞ்சம்தான். அவை இப்போது கல்யாண முருங்கை மரங்களில் என் இடுப்பு உயரத்துக்கு ஏறியிருக்கின்றன. இன்னும் காய்க்கவில்லை. அவற்றிலிருந்து வெட்டிய நாற்றுகளுக்கு இந்த மார்கழியிலும் பிளாஸ்டிக் வீடு போட்டிருக்கிறோம். நெருப்பு வைப்பதில்லை. சேலையும் சாக்கும் போர்த்தி, ஒரு பக்கம் கை நுழையும் அளவு திறந்து வைக்கிறோம். அக்கா தனியாக உள்ளே போவதில்லை. அவர் வெளியே வரும்வரை நான் வாசலில் நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அவருக்குக் காலையில் சில நாள் தலை வலிக்கிறது. மாமா இன்னும் கோழிப்பண்ணையில்தான் இருக்கிறார்.